பின்னட்டை வாசிக்காதவர்களின் முதல் பத்து

உங்கள் "எல்லாக் காலத்துக்குமான தலைசிறந்த பத்து ஜாஸ் அல்பங்கள்" பட்டியலை நான் பார்க்காமலே சொல்லிவிடுவேன். முதலாவது மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஒஃப் புளூ'. இரண்டாவது ஜோன் கோல்ட்ரேனின் 'ஏ லவ் சுப்ரீம்'. நீங்கள் கொஞ்சம் வித்தியாசமான ஆள் என்றால் இரண்டையும் இடம் மாற்றியிருப்பீர்கள். பிறகு சார்ல்ஸ் மிங்கஸ். பிறகு டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்'. ஜேர்மனியில் வளர்ந்த பிள்ளை என்பதால் கீத் ஜாரட்டின் 'கேல்ன் கொன்சேர்ட்' எங்கேயாவது கட்டாயம் இருக்கும். பத்தாவது இடத்தில், மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும் என்று காட்ட ஏதாவது ஒரு பெயர்.

எனக்கு மந்திரம் ஒன்றும் தெரியாது. எல்லோரும் ஒரே கடையில் சட்டை வாங்கினால் நிறத்தை ஊகிப்பது கஷ்டமில்லை.

ஆஹெனுக்குப் படிக்க வருகிற எங்கட பிள்ளைகள் பலருக்கு ஜாஸ் பிடிக்கிறது. அது எனக்குச் சந்தோஷம். ஆனால் வெள்ளி இரவில் மாணவர் வீட்டுக் குசினியில் நாலு பேர் கூடினால் நடப்பது என்ன? டேவிஸா கோல்ட்ரேனா என்று இரண்டு மணித்தியாலம் சண்டை. அந்த இரண்டு மணித்தியாலத்தில் ஒரு பாட்டைக்கூட யாரும் முழுதாகப் போட்டுக் கேட்பதில்லை. நடுவில் ஜேர்மன் நண்பர் ஒருவர் "உங்கட தமிழ் இசை எப்படி?" என்று கேட்டால், "அது சினிமாப் பாட்டு" என்று தோளைக் குலுக்கிவிட்டுத் திரும்பவும் கோல்ட்ரேனுக்கு வந்துவிடுகிறோம்.

இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பட்டியல் போடுவதை நான் எதிர்க்கவில்லை. கேட்காமல் போடுகிற பட்டியலை எதிர்க்கிறேன். யார் வாசித்தார்கள் என்று தெரியாமல் இடம் கொடுப்பதை எதிர்க்கிறேன். அதைவிட முக்கியமாக, அந்தப் பட்டியலை இந்த நாட்டில் மதிப்புப் பெறுவதற்கான நுழைவுச் சீட்டாக எங்கட பிள்ளைகள் கையில் வைத்திருப்பதை எதிர்க்கிறேன்.

ஒரு மணித்தியால ரயில் தூரத்தில்

'கேல்ன் கொன்சேர்ட்'டில் தொடங்குவோம். ஆஹெனிலிருந்து ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் கேல்ன் வந்துவிடும். அந்த நகரத்தின் ஒப்பேரா அரங்கில் 1975 ஜனவரி 24 இரவு ஜாரட் தனியாகப் பியானோ வாசித்தார். அன்றைய ஒப்பேரா முடிந்து சனம் கலைந்த பிறகு, இரவு பதினொன்றரை மணியளவில்தான் கச்சேரி தொடங்கியது. அதை ஒழுங்கு செய்தவர் பெயர் வேரா பிராண்டெஸ். அப்போது அவருக்கு வயது 18. உங்களில் பலரின் வயது.

ஜாரட் கேட்ட பெரிய பியானோ மேடையில் இல்லை. ஒத்திகைக்குப் பாவிக்கிற ஒரு சின்னப் பியானோதான் நின்றது. மேல் சுரங்கள் மெலிந்து கீச்சிட்டன, மிதிகள் ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஜாரட் வாசிக்க மாட்டேன் என்றார். அந்தப் பெண் விடவில்லை. பியானோவைத் திருத்துகிறவர்கள் கடைசி நேரம் வரை அதோடு மல்லுக்கட்டி ஓரளவுக்குச் சரிப்படுத்தினார்கள். ஜாரட் நல்லாய் ஒலிக்கிற நடுப்பகுதிக்குள்ளேயே நின்று, இடது கையால் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப உருட்டி, அதன் மேல் முழு இரவையும் கட்டினார். எங்களை மயக்குகிற அந்தச் சுழற்சிக்கு ஒரு குறைபாடான பியானோவும் ஒரு காரணம். தனிப் பியானோ இசைத்தட்டுகளில் உலகில் ஆகக் கூடுதலாக விற்றவற்றில் அது ஒன்று.

இப்போது சொல்லுங்கள். உங்கள் பட்டியலில் அதற்குக் கொடுத்த ஏழாம் இடமோ நாலாம் இடமோ இதில் எதைச் சொல்கிறது? ஏழு என்ற எண்ணுக்குள் அந்தப் பியானோவும் இல்லை, அந்தப் பதினெட்டு வயதுப் பிள்ளையின் பிடிவாதமும் இல்லை.

முதலாம் இடத்துக்கு ஒரு பரீட்சை

'கைண்ட் ஒஃப் புளூ'வை முதலாவதாக வைக்கிறவர்களிடம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். அதில் பியானோ வாசித்தது யார்?

பில் எவன்ஸ் என்று கொஞ்சப் பேர் சொல்வார்கள். சரி. ஆனால் ஐந்து பாட்டில் ஒன்றில் அவர் இல்லை. 'ஃபிரெடி ஃபிரீலோடர்' என்ற பாட்டில் வாசிப்பவர் வின்டன் கெலி. 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாட்களில் நியூயோர்க்கில் பதிவான அல்பம் அது. எவன்ஸ் சுரங்களுக்கு இடையில் காற்று விட்டு வாசிப்பார். கெலி வந்ததும் கால் தானாகத் தாளம் போடும், மண்ணின் புளூஸ் உள்ளே வரும். ஒரே அல்பத்தில் இரண்டு மனிதர்களின் கை. இந்த வித்தியாசம் உங்கள் காதுக்குத் தெரிந்தால் முதலாம் இடம் கொடுங்கள், நான் வாயே திறக்கமாட்டேன். தெரியவில்லை என்றால் அந்த முதலாம் இடம் உங்களுடையது இல்லை. யாரோ கொடுத்ததை நீங்கள் சுமக்கிறீர்கள்.

ஜாஸ் ரசிகர்கள் உலகத்துக்குக் கொடுத்த பெரிய கொடை தரவரிசை இல்லை. 1936இல் பாரிசில் சார்ல்ஸ் டெலோனே என்றவர் 'ஹொட் டிஸ்கோகிரஃபி' என்று ஒரு புத்தகம் போட்டார். எந்தப் பதிவு, எப்போது, அதில் யார் யார் எந்த வாத்தியம் வாசித்தார்கள் என்று தேடித் தேடி எழுதிய புத்தகம். எது பெரிது எது சின்னது என்று அடிபடுவதற்கு முதல், யார் செய்தது என்று கேட்டவர்கள் அவர்கள். பின்னாட்களில் ஜாஸ் இசைத்தட்டின் பின்னட்டையில் வாசித்தவர்களின் பெயர்கள் வரிசையாக அச்சாகின. அந்தப் பின்னட்டைதான் ஜாஸின் மரியாதை. நீங்கள் முன்னட்டையைப் படம் எடுத்துப் போடுகிறீர்கள். பின்னட்டையைத் திருப்புவதே இல்லை.

திருப்பியிருந்தால் யார் இருந்திருப்பார்கள்

மூன்று அல்பங்களைத் திருப்பிக் காட்டுகிறேன்.

முதலாவது 'சக்தி'. ஆங்கிலேய கிற்றார் கலைஞர் ஜோன் மக்லோக்லின் எங்கள் பக்கத்து வித்துவான்களோடு 1975 ஜூலை 5 அன்று அமெரிக்காவில் மேடையில் வாசித்த பதிவு, அடுத்த ஆண்டு வெளிவந்தது. வயலின் எல். சங்கர். அவருடைய அப்பா வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். சங்கரின் சின்ன வயது யாழ்ப்பாணத்தில்தான். 1958 இனக்கலவரத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் இந்தியாவுக்குப் போனது. உங்கள் அம்மா அப்பா வீட்டை விட்டு வந்த கதைக்கு ஒரு தலைமுறை முந்திய கதை அது. கடம் விக்கு விநாயக்ராம், தபேலா சாகிர் ஹுசைன். இந்த நாலு பேரோடு சக்தி முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த முதல் அல்பத்தின் பின்னட்டையில் ஐந்தாவது பெயர் ஒன்று இருக்கிறது: மிருதங்கம் ராம்நாட் வி. ராகவன். அடுத்த அல்பத்தில் அவர் இல்லை. ரசிகர்களின் ஞாபகத்திலும் இல்லாமல் போனார். பின்னட்டையில் மட்டும் இன்னும் இருக்கிறார்.

இரண்டாவது, அலிஸ் கோல்ட்ரேன் 1971இல் வெளியிட்ட 'ஜேர்னி இன் சச்சிதானந்தா'. உங்கள் பட்டியல்களில் இப்போது அடிக்கடி தலைகாட்டுகிறது. தலைப்பில் இருக்கிற சுவாமி சச்சிதானந்தா கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் பிறந்தவர், அமெரிக்கா போக முதல் இலங்கையில் ஆண்டுக்கணக்கில் இருந்தவர். இதைக் கேட்டவுடன் "அட, எங்கட ஆள்!" என்று துள்ளாதீர்கள். அவர் அந்த அல்பத்தில் ஒரு நரம்பைக்கூட மீட்டவில்லை. முதல் பாட்டைத் தாங்கி நிற்பது சிசில் மக்பீ என்ற கறுப்பின அமெரிக்கரின் பேஸ். அதே நாலைந்து சுரம், சலிக்காமல், ஒரு ஊஞ்சல் மாதிரி. தம்புரா வாசித்தவருக்குத் 'துளசி' என்று ஒற்றைப் பெயர்தான் போட்டிருக்கிறார்கள். தலைப்பில் குருவின் பெயர், தம்புராவுக்கு ஒற்றைச் சொல். பின்னட்டையிலும் அநியாயம் நடக்கும். ஆனால் வாசித்தால்தான் அந்த அநியாயமும் கண்ணில் படும்.

மூன்றாவது, விஜய் ஐயரின் 'ஹிஸ்டோரிசிட்டி', 2009. பியானோ வாசிக்கும் விஜய், அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோரின் மகன். எங்களைப் போல இரண்டாம் தலைமுறை. வெளியிட்டது அக்ட் என்ற ஜேர்மன் நிறுவனம். அந்த ஆண்டின் சிறந்த ஜாஸ் அல்பமாக அமெரிக்க விமர்சகர்கள் பலர் அதைத்தான் முதலாவதாக வைத்தார்கள். அதில் 'கலாங்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. அது லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் சின்ன வயதைக் கழித்த மாயா அருள்பிரகாசத்தின், அதாவது எம்.ஐ.ஏ.யின் பாட்டு. விஜய் அதை பேஸ், ட்ரம்ஸ், பியானோ மூன்றுக்குள் உடைத்துக் கட்டியிருக்கிறார். அமெரிக்கத் தமிழர் ஒருவர், ஈழத் தமிழ்ப் பெண் ஒருவரின் பாட்டை, ஜேர்மன் நிறுவனம் ஒன்றுக்காக ஜாஸாக வாசிக்கிறார். புலம்பெயர்ந்த எங்கள் வாழ்க்கையின் வரைபடமே அந்த ஒரு பாட்டில் கிடக்கிறது. ஆஹெனில் ஜாஸ் கேட்கிற தமிழ்ப் பிள்ளை அதைத் தெரியாமல் 1959ஐப் பற்றி மட்டும் கதைத்துக்கொண்டிருந்தால், நான் கோபப்படாமல் வேறென்ன செய்வது?

வாக்குப் பெட்டியும் காதும்

இப்போது சிலர் எழும்புவார்கள். "சரி அண்ணா, இனிமேல் இந்த மூன்றையும் முதல் மூன்று இடத்தில் போடுகிறோம்."

தயவுசெய்து வேண்டாம். அந்த வேலையை நாங்கள் ஏற்கெனவே ஒருமுறை செய்துவிட்டோம்.

2002இல் பிபிசி உலக சேவை, உலகத்தின் மிக விருப்பமான பாட்டு எது என்று வாக்கெடுப்பு நடத்தியது. 155 நாடுகளிலிருந்து வாக்குகள் வந்தன. நாலாம் இடம் 'தளபதி' படத்தின் 'ராக்கம்மா கையைத் தட்டு', இளையராஜா இசை. ஐந்தாம் இடம் ஈழத்துப் பாடகர் திருமலைச் சந்திரனின் 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது'. குவீன் குழுவின் 'பொஹீமியன் ரப்ஸடி' பத்தாவது. அதைக் கேள்விப்பட்ட நாளில் எங்கட வீடுகளில் எவ்வளவு பெருமை!

ஆனால் மேலே இருந்தவற்றையும் பாருங்கள். முதலாவது ஒரு ஐரிஷ் தேசியப் பாட்டு. இரண்டாவது 'வந்தே மாதரம்'. மூன்றாவது 'தில் தில் பாகிஸ்தான்'. இது இசையின் தரவரிசையா? ஒவ்வொரு சமூகமும் தன் ஆட்களை எவ்வளவு வேகமாகத் திரட்டும் என்பதன் அளவு அது. நாங்கள் திரட்டுவதில் கெட்டிக்காரர் என்று அப்போதே நிரூபித்துவிட்டோம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நாடு இல்லாதவனுக்கு எண்ணிக்கை தேவைப்படும். ஆனால் வாக்குப் போட்டவர்களிடம் போய், அந்த இரண்டு பாட்டிலும் ட்ரம்ஸ் யார், வயலின் யார் என்று கேட்டுப் பாருங்கள். அமைதிதான் பதில்.

அடுத்தவன் பட்டியலை மனப்பாடம் செய்வதும், எங்கட ஆளுக்குக் கண்ணை மூடிக் குத்துவதும் ஒரே நோய். இரண்டிலும் காதுக்கு வேலை இல்லை.

எங்கட வீட்டுக் கசெட்

நாங்கள் பின்னட்டை வாசிக்கப் பழகாததற்குக் காரணம் உண்டு. எங்களுக்குப் பின்னட்டையே கிடைக்கவில்லை. ஜேர்மனிக்கு வந்த முதல் தலைமுறை கேட்டது தமிழ்க் கடையில் பதிந்து வாங்கின கசெட்டுகள். அட்டையில் பேனையால் எழுதின படத்தின் பெயர், மிஞ்சினால் பாடகர் பெயர். அசல் கசெட்டிலும் இசையமைப்பாளருக்குக் கீழே பெரிதாக ஒன்றும் இருக்காது.

அதனால்தான் ராஜாவா ரஹ்மானா என்ற சண்டை முப்பது வருடமாக ஒரு அங்குலமும் நகரவில்லை. இரண்டு கடவுள் சிலைகளை வைத்துக்கொண்டு தேர் இழுக்கிறோம். ராஜாவின் பாட்டுகளில் உங்கள் நெஞ்சைத் தூக்குகிற அந்த பேஸ் கிற்றார் பலவற்றில் சசிதரன் வாசித்தது. ட்ரம்ஸ் புருஷோத்தமன். புல்லாங்குழல் நெப்போலியன் என்ற அருண்மொழி. 1986இல் வந்த 'ஹௌ டு நேம் இட்' அல்பத்தின் வயலின் வி. எஸ். நரசிம்மன். ரஹ்மானின் அல்பங்களில்தான் வாத்தியக்காரர் பெயர்கள் வழமையாக அச்சாகத் தொடங்கின. 'டூயட்' படத்தின் சக்சபோன் கத்ரி கோபால்நாத், 'பம்பாய்' படத்தின் கருப்பொருள் இசைக்குப் புல்லாங்குழல் நவீன் குமார் என்று நாங்கள் சொல்ல முடிவது அதனால்தான்.

என் தொழில் மென்பொருள். ஒரு நிரலில் எந்த வரியை யார் எப்போது எழுதினார் என்ற பதிவு எங்களிடம் இருக்கும். பதிவு இல்லாத நிரல் ஓடும்தான். ஆனால் அது உடையும்போது யாரிடம் கேட்பது, அதிலிருந்து யார் கற்றுக்கொள்வது? இசையும் அப்படித்தான். பெயர் இல்லாத இடத்தில் மாணவர் உருவாகமாட்டார், ரசிகர் மட்டும்தான் பெருகுவார்.

"பகிடிக்குத்தானே அண்ணா"

மூன்று மறுப்புகள் எனக்குத் தெரியும்.

"இதெல்லாம் பகிடிக்குத்தானே?" பகிடி என்றால் நல்லது. ஆனால் பகிடிக்குப் போட்ட பட்டியலை வைத்துத்தான் ஒருத்தரை ஒருத்தர் "இதுகூடத் தெரியாதா" என்று மட்டம் தட்டுகிறீர்கள். போன கிழமை இசை கேட்கத் தொடங்கின தங்கச்சி ஒருத்தி அந்தக் குசினியில் வாயே திறக்கமாட்டாள். அவளுக்கு அது பகிடி இல்லை.

"பெயர் தெரியாமல் ரசிக்க முடியாதா?" தாராளமாக முடியும். ரசிப்பதற்கு ஒன்றுமே தெரியத் தேவையில்லை. தீர்ப்புச் சொல்வதற்குத்தான் தெரிய வேண்டும். தலைசிறந்தது என்ற சொல் தீர்ப்பு.

"இப்போது எல்லாம் கைபேசியில்தானே, பின்னட்டை எங்கே?" உண்மை, கைபேசி முன்னட்டையைத்தான் காட்டும். பின்னட்டை ஒளிந்துகொண்டது. அழியவில்லை. ஐந்து நிமிடம் தேடினால் கிடைக்கும். டெலோனேயிடம் இணையம் இருக்கவில்லை.

இனி என்ன செய்வது

பட்டியல் போடுங்கள். ஆனால் பத்து வேண்டாம், ஐந்து போதும். ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: வாசித்தவர்களில் ஒருவரின் பெயர், உங்களைப் பிடித்து நிறுத்தின ஒரு நிமிடம், அந்த அல்பத்தில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்று. இந்த மூன்றும் இல்லாத அல்பம் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வெளியே. சண்டை பிடிக்கும்போது வாயை விடப் பாட்டை முதலில் போடுங்கள்.

இன்னொன்று இருக்கிறது, அதற்குத்தான் அவசரம். ஈழத்தில் பதிவான பாட்டுகளில் வாசித்தவர்கள், ஜேர்மனியில் எங்கட கலியாண மேடைகளிலும் அரங்கேற்றங்களிலும் கீபோர்ட்டும் மிருதங்கமும் வாசித்தவர்கள், தமிழாலயங்களில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர்கள் பலர் எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். வயது போகிறது. அவர்கள் வாசித்த பதிவுகளுக்குப் பின்னட்டை இல்லை. எந்தப் பாட்டு, எந்த ஆண்டு, எந்த ஊர், கூட வாசித்தது யார் என்று அவர்களிடம் கேட்டு எழுதினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. 1959இல் நியூயோர்க்கில் ட்ரம்ஸ் அடித்தவரின் பெயரை ஆயிரம் பேர் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் மாமாவின் கலியாணத்தில் ட்ரம்ஸ் அடித்தவரின் பெயரை எழுத உங்களை விட்டால் ஆள் இல்லை.

என்னிடம் பட்டியல் கொண்டுவருகிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். எண்களைக் கையால் மறைத்துவிட்டு ஒன்றுதான் கேட்பேன்: இதில் வாசித்தது யார்?